மானிப்பாய் டாக்டர் கிரீன் சரித்திரமும் இருதயத்தின் தொழிலும்

ஆவுடையார்கோவில் என வழங்கும் திருப்பெருந்துறை, நெஞ்சுருகுதற்குப் பேர்போன தலம். மாணிக்கவாசக சுவாமிகள் குருந்தமரத்தடியில் ஆட்கொள்ளப்பெற்ற இவ்வூரிலே பிறந்து வளர்ந்த நாம், நெஞ்சம், உள்ளம், இதயம் என்னுஞ் சொற்களைத் தொட்டிற் பருவந் தொட்டே கேட்டு வருகின்றோம். ஆயினும், விலாவெலும்புக் கூட்டினுள்ளே இடப்பக்கஞ் சற்றே சாய்ந்து கிடந்து, இரவும் பகலும் ஓயாது உழைக்கும் தசையாலாகிய இருதயத்தைப் பற்றி நம்மவருள் அறிந்தவர் மிகச் சிலரே. சென்ற மார்கழித் திருவிழாக் காலத்தில் எமது வீதியில் நிகழ்ந்த ஒரு சம்பவமே இவ்வியாசத்தை எழுதும்படி எம்மைத் தூண்டியது.

அறுபது வயது கடந்த பெரியவர் ஒருவர். திடகாத்திரர், வயலுக்கு நடந்தே செல்பவர். நடுநிசிக்குமேல் மார்பின்மீது அம்மிக்கல்லை ஏற்றினாற்போன்ற பாரம் உண்டாயிற்று. இடக்கை கடுத்தது; பனிக்காலத்திலும் வியர்வை ஆறாகப் பெருகிற்று. வீட்டார் வாயுப்பிடிப்பு என்று கருதி ஓமநீர் கொடுத்தனர், இஞ்சிச்சாறு கொடுத்தனர், தவிட்டு ஒற்றடம் இட்டனர். அவ்வீட்டிலேயே உயர்தரக் கல்வி கற்கும் பேரன் ஒருவன் இருந்தான். இருதயத்தின் அறைகள், கதவுகள், குழாய்கள் யாவற்றையும் ஆங்கிலப் பெயரோடு பரீட்சைக்கு நெட்டுருப் பண்ணி நல்ல மார்க்கும் வாங்கியவன். தன் பாட்டனாருக்கு நேர்வது அதே இருதயத்தின் துன்பம் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை. தோன்றியிருப்பினும் பாட்டியாருக்கு விளங்கும்படி எடுத்துச் சொல்ல அவனிடம் ஒரு வார்த்தையும் இருந்திராது. பொழுது விடியுமுன் பெரியவர் காலஞ்சென்றார். ஆம்புலன்ஸ் வண்டியை அழைக்கத் தொலைபேசி எல்லார் கையிலும் இருந்தது. அழைக்கவேண்டுமென்ற அறிவுதான் இல்லை.

அந்தப் பையனைக் குறைகூற யாம் துணியவில்லை. அவன் கற்ற கல்வி அவன் வாயில் இருந்ததேயன்றி வீட்டுப் பேச்சில் இறங்கவில்லை. இக்குறையை இற்றைக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே கண்டு, அதனை நீக்கத் தம் ஆயுளைச் செலவிட்ட அந்நியர் ஒருவர் இருந்தார். அவர் வாழ்ந்த ஊர் நமக்கு வெகுதூரத்திலும் இல்லை. நம் கிழக்கே மணமேற்குடி, கோட்டைப்பட்டினம் முதலிய கடற்றுறைகள். அவற்றிற்கு அப்பால் பாக் நீரிணை. அதற்கும் அப்பால் யாழ்ப்பாணம். அங்கே மானிப்பாய் என்னும் ஊரில் இருந்து தொண்டு புரிந்த டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன் என்பவரே அவர். அவருடைய சரித்திரத்தையும், அவர் தமிழிற் கூற முயன்ற இருதயத்தின் தொழிலையும் சேர்த்தே ஈண்டுக் கூறப்புகுகின்றோம்.

கிரீன் 1822-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 10-ம் தேதி, அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் மாகாணத்து வூஸ்டர் நகரில் பிறந்தார். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன் பிற்காலத்தில் நியூயார்க் மாநகரைப் பெருநகராக ஒன்றுசேர்த்த பெருமையை அடைந்தவர். தம்பியோ தம் ஊர் முன்னேற்றத்தை விட்டுக் கடல் கடந்தார். நியூயார்க்கில் வைத்தியம் பயின்று 1845-ல் பட்டம் பெற்று, அமெரிக்க மிஷன் சங்கத்தாரால் அனுப்பப்பட்டு, 1847-ல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அப்பொழுது வயது இருபத்தைந்து. முதலில் வட்டுக்கோட்டையில் தங்கி, அடுத்த ஆண்டு மானிப்பாய்க்கு மாறினார். அங்கே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே 1848-ல் சில மாணாக்கரைச் சேர்த்து வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் அரசாங்க வைத்தியக் கலாசாலை ஏற்பட்டது 1870-லேதான் என்பதை நினைவிற் கொண்டால் இத்தொடக்கத்தின் அருமை விளங்கும்.

ஈண்டு ஒரு செய்தி சொல்லாமல் மேற்செல்ல மனமில்லை. நல்லூர் ஆறுமுக நாவலர் அவர்கள் பிறந்ததும் அதே 1822-ம் ஆண்டே. வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும் அதே 1848-ம் ஆண்டே. ஒருவர் மிஷனுக்கு உழைத்தவர். மற்றவர் மிஷனை எதிர்த்து நின்றவர். கிரீன் வந்ததன் நோக்கத்தில் மதமாற்றமும் ஒன்று என்பதை மறைப்பதிற் பயனில்லை. நாவலர் எதிர்த்தது நியாயமே என்பது எமது அபிப்பிராயம். எனினும் தமிழ் வசனநடையால் எதையுஞ் சொல்லலாம் என்ற துணிவில் இவ்விருவரும் ஒருமுகப்பட்டிருந்தனர். ஒருவர் சமயத்தை எளிய வசனத்தில் இறக்கினார். மற்றவர் சரீரத்தை இறக்கினார்.

நிற்க. சரீரத்தைத் தமிழில் இறக்குவது எத்தகைய காரியம் என்பதற்கு நம் கோயிலையே உவமை கூறலாம். ஆவுடையார்கோவிற் கொடுங்கையைக் காண்பவர், அது கல் என்பதை மறந்து, கைம்மரமும் வளையும் ஆணியுமாக மரத்தால் வேய்ந்த கூரை என்றே மயங்குவர். பழங்காலத்துச் சிற்பிகள் கோயில் வேலைக்கு உடன்படிக்கை எழுதும்போது, இக்கொடுங்கை போன்றது ஒன்று நீங்கலாக என்று எழுதிக்கொள்வர் எனக் கர்ணபரம்பரையாக வழங்குகிறது. மரத்திற்கு இயல்பான வேலையை ஓர் ஆணியும் விடாமற் கல்லுக்கு மாற்றிய அச்சிற்பியின் சிரமமே, ஒரு பாஷையில் வளர்ந்த சாஸ்திரத்தை வேறொரு பாஷைக்கு மாற்றுபவனுக்கும் உண்டு. கல்லின் குணமறியாமல் உளி வைத்தால் கல் உடையும்.

கிரீன் முதலிற் பத்தாண்டுகள் ஆங்கிலத்தில்தான் கற்பித்தார். கற்றவர் பலர் அரசாங்க உத்தியோகத்தையும் நகரத்துச் சம்பளத்தையும் நாடிச் சென்றனர். கிராமத்தில் தங்குவார் அருகினர். நோயோ கிராமத்தில் இருந்தது. ஆங்கிலங் கற்ற மாணாக்கர் உடையிலும் உணவிலும் ஐரோப்பியரைப் பின்பற்றத் தொடங்கியதும் அவருக்கு உவப்பாகவில்லை. தமிழர் தமிழராகவே இருந்துகொண்டு வைத்தியராதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை வெள்ளைக்காரர் ஒருவர் கொண்டார் என்பது வியப்பு; நம்மவர் இன்னும் கொள்ளவில்லை என்பது அதனினும் வியப்பு. 1857-ல் தாய்நாடு திரும்பிய அவர், 1862-ல் மணம்புரிந்துகொண்டு மனைவியாருடன் மீண்டும் மானிப்பாய் வந்தார். 1864 முதல் வைத்திய வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார்.

வகுப்பு நடத்தப் புத்தகம் வேண்டுமே! கட்டர் என்பவர் இயற்றிய அங்காதிபாத சுகரணவாத நூலை 1857-ம் ஆண்டிலேயே தமிழாக்கியிருந்தார். அங்காதிபாதம் என்பது உறுப்புக்களின் அமைப்பைக் கூறுவது. சுகரணவாதம் என்பது அவற்றின் தொழிலைக் கூறுவது. அதன்பின் பிரசவ வைத்தியம், இரணவைத்தியம், வைத்தியாகரம், மனுஷ அங்காதிபாதம், கெமிஸ்தம் என வரிசையாக நூல்கள் வந்தன. டான்வர்த், சாப்மன் முதலிய மாணாக்கர் இம்மொழிபெயர்ப்பில் அவருக்குத் துணையாயினர். அவற்றின் பக்கங்கள் மொத்தம் நாலாயிரத்திற்கு மேற்படும் என்பர். கலைச்சொல் ஆக்குவதில் அவர் முறை நேரியது. தமிழ்ச் சொல் உண்டா என்று முதலிற் பார்ப்பார். இல்லையேல் வடமொழியில் தேடுவார். அங்கும் அகப்படாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். இக்காலத்தார்க்கு அச்சொற்களிற் பல நகைப்பை விளைவிக்கலாம். கெமிஸ்தம் வேதியியலாகவும், அங்காதிபாதம் உடற்கூற்றியலாகவும் இன்று மாறிவிட்டன. முதலில் வெட்டிய வாய்க்கால் சற்றுக் கோணலாகத்தான் இருக்கும். தண்ணீர் வந்ததா என்பதே கேள்வி.

இனி அவர் மாணாக்கர்க்குக் கற்பித்த பொருளுக்கு வருவோம். நம் நாட்டு வைத்தியர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பதிற் கைதேர்ந்தவர்கள். நாடி துடிப்பது எதனால் என்பதை விளக்கியது மேனாட்டுச் சாஸ்திரம். அங்கும் அது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. காலென் என்னும் பண்டை வைத்தியர், உண்ட உணவிலிருந்து ஈரலிலே இரத்தம் ஊறி, உறுப்புக்களிற் பாய்ந்து அங்கங்கே செலவாகிவிடுகின்றது என்றார். இதனை ஆயிரத்து நானூறு ஆண்டுகள் எல்லாரும் நம்பினர். நம் கண்மாய்ப் பாசனத்தை எண்ணினால் அவர் கருத்து எளிதிற் புலப்படும். கண்மாயில் நீர் நிறைகிறது, மடைவழியே வயலுக்குப் பாய்கிறது, வயல் குடித்துவிடுகிறது, மறுபடி மழை பெய்யவேண்டும்.

இலண்டனில் இருந்த வில்லியம் ஹார்வி என்பவர் இதனை ஒரு கணக்கினால் தகர்த்தார். இருதயம் ஒருமுறை சுருங்குங்கால் வெளியேறும் இரத்தத்தை மிகக் குறைவாகவே மதித்து, அதனை அரைமணி நேரத்துத் துடிப்புக்களாற் பெருக்கினார். வந்த தொகை உடம்பிலுள்ள மொத்த இரத்தத்திற்கும் மேற்பட்டது. அவ்வளவையும் உணவிலிருந்து புதிதாக உண்டாக்குதல் எவ்வயிற்றுக்கும் இயலாது. ஆகலின் சென்ற இரத்தமே திரும்பி வருதல் வேண்டும் எனத் துணிந்து, 1628-ல் நூல் வெளியிட்டார். கண்மாய் உவமை இங்கே பொருந்தாது. கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகி, வெள்ளாற்றில் ஓடி மீண்டும் கடலிற் சேருமன்றோ? அச்சுற்றே பொருந்தும் உவமை. ஹார்வியும் மழையின் சுற்றையே நினைத்தார். சிவப்புக் குழாயிலிருந்து நீலக் குழாய்க்கு இரத்தம் எவ்வழியே புகுகின்றது என்பதை மட்டும் அவர் காணவில்லை. அவர் இறந்த நான்காண்டுகளுக்குப் பின், 1661-ல், மால்பீகி என்னும் இத்தாலியர் தவளையின் நுரையீரலைப் பூதக்கண்ணாடியில் வைத்து நோக்கி, மயிரினும் நுண்ணிய குழாய்களைக் கண்டார். சுற்று முழுமையாயிற்று.

இருதயம் அவரவர் மூடிய கைமுட்டியின் அளவினது. வளர்ந்தவர்க்குச் சுமார் 300 கிராம் நிறையுள்ளது. நடுவே ஒரு சுவர் நிற்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு மேலறையும் ஒரு கீழறையும் உண்டு. உடம்பெல்லாஞ் சுற்றிப் பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுக் கரியமிலவாயுவைச் சுமந்துவரும் இரத்தம் வலப்பக்கத்தை அடைந்து, அங்கிருந்து நுரையீரலுக்குச் செலுத்தப்படுகிறது. அங்கே காற்றால் சுத்தியாகி இடப்பக்கத்திற்கு வந்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை அனுப்பப்படுகிறது. வலப்பக்கத்தான் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறான். இடப்பக்கத்தானோ ஊர் முழுமைக்கும் சுமக்கிறான். ஆதலால் இடது கீழறையின் சுவர் வலத்தினும் பன்மடங்கு தடித்தது. அறைவாயில்களிலும் பெருங்குழாய்களின் அடியிலுமாக நான்கு கதவுகள் உள்ளன. அவை ஒருபக்கமே திறப்பன; பின்னோக்கி வரும் இரத்தம் தானே அவற்றை மூடிவிடும். மார்பிற் காது வைத்தாற் கேட்கும் இரட்டைச் சத்தம் இக்கதவுகள் மூடும் ஓசையே. ஒருமுறை சுருங்குங்கால் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் வெளியேறும். நிமிஷத்திற்கு 70 துடிப்பு எனக் கொண்டால், நிமிஷத்திற்கு 5 லிட்டர். நாளொன்றுக்கு 7,000 லிட்டர். துடிப்போ நாளொன்றுக்கு ஒரு லக்ஷம். கால்களிலுள்ள இரத்தம் மேலேறி வருதற்குக் கெண்டைக்காற் சதையும் துணைசெய்கின்றது. நடக்குந்தோறும் அச்சதை குழாய்களைப் பிழிகின்றது, குழாய்களிலுள்ள சிறு கதவுகள் கீழிறங்க விடாமல் தாங்குகின்றன. நெடுநேரம் அசையாது உட்கார்ந்தால் கால் வீங்குவது ஏன் என்பது இதனால் விளங்கும்.

இதில் ஒரு விநோதம். தன்னுள்ளே ஓயாது இரத்தம் நிறைந்து கிடந்தும், இருதயத்தின் தடித்த தசை அதிலிருந்து நேரே ஊட்டம் பெறுவதில்லை. கண்மாய்ச் சாவியைக் கையில் வைத்திருப்பவனும் தன் வயலுக்குரிய மடைவழியேதான் நீர் பாய்ச்சவேண்டும் என்ற ஊர்க்கட்டுப்பாடு போன்றது இது. பெருங்குழாயின் அடியிலிருந்து இரண்டு சிறு குழாய்கள் கிளைத்து, இருதயத்தைச் சூழ்ந்து ஓடி அதற்கு ஊட்டந் தருகின்றன. செலுத்தப்படும் இரத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்களவே அதன் கூலி. அக்குழாய்களின் உட்சுவரிற் பல்லாண்டுகளாகக் கொழுப்புப் படிந்து, ஒருநாள் அப்படிவு வெடித்து, அதன்மீது இரத்தம் உறைந்து வழியை அடைத்துவிட்டால், அதனையே மாரடைப்பு என்கின்றோம். தண்ணீர் காணாத பயிர் சில நாள் தாங்கும். இரத்தங் காணாத இருதயத்தசையோ அரைமணி நேரத்திற்குள்ளாகவே சாகத் தொடங்கும். பன்னிரண்டு மணி நேரம் கழிந்தால் மீட்கக்கூடியது சொற்பமே.

எம் வீதிப் பெரியவருக்கு நேர்ந்தது இதுவே என்பதில் எமக்கு ஐயமில்லை. மார்பில் பாரம், இடக்கையிலோ தாடையிலோ முதுகிலோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல் ஆகியன அதன் அடையாளங்கள். பெண்டிர்க்கும் நீரிழிவு உடையார்க்கும் வலியே இல்லாமல், களைப்பும் குமட்டலுமாக மட்டும் வருதலும் உண்டு. ஓமநீரின் குணத்தை யாம் மறுக்கவில்லை. இந்நிலையில் அது போக்குவது பொழுதை மாத்திரமே.

நியாயமாகப் பேசவேண்டுமாயின், டாக்டர் கிரீனே அன்று அவ்வீட்டிற்கு வந்திருந்தாலும் அவரைப் பிழைப்பித்திருக்க மாட்டார். கையிற் பட்டை கட்டி இரத்த அழுத்தத்தை அளக்கும் கருவி 1896-ல் வந்தது. துடிப்பை எழுப்பும் சிறு தசைக்கணு வலது மேலறையில் இருப்பது 1907-ல் தெரிந்தது. உயிரோடிருப்பவரிடத்தில் மாரடைப்பை அறியலாம் எனச் சிகாகோ நகரத்து ஹெரிக் என்பவர் எடுத்துரைத்தது 1912-ல். அடைபட்ட குழாய்க்குள் சிறு பலூனைச் செலுத்தி வழியைத் திறக்கும் முறையை குரூன்ட்ஸிக் என்பவர் ஜூரிச் நகரிற் செய்துகாட்டியது 1977-ல். இவை யாவும் கிரீன் மறைந்தபின் வந்தவை. அவர் காலத்தில் சொல் இருந்தது, மருந்து இல்லை. நம் காலத்திலோ 2008 முதல் 108 வண்டி ஓடுகின்றது. புதுக்கோட்டையில் 2017 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கின்றது. ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே மாரடைப்புக்கு முதல் மாத்திரைகள் கொடுத்து அனுப்பும் திட்டம் 2023 ஜூன் மாதத்திலிருந்து நடைபெறுகின்றது. மருந்து இருக்கிறது, சொல் வீட்டுக்குள் வரவில்லை.

இருதயத்தைக் காக்கும் வழிகள் பெரும்பாலும் அடுப்பங்கரையிலும் திண்ணையிலுமே உள்ளன. கடலோரத்தாராகிய நமக்குக் கருவாடும் ஊறுகாயும் இன்றிச் சோறு இறங்காது. உலக சுகாதார ஸ்தாபனத்தார் நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்கு உட்பட்ட உப்பே போதும் என்கின்றனர். அஃது ஒரு தேக்கரண்டியளவு. மிகுந்த உப்பு இரத்த அழுத்தத்தை ஏற்றும்; அழுத்தமோ வலியின்றி வளர்ந்து இருதயச் சுவரையும் குழாய்களையும் கெடுக்கும். முப்பது வயது கடந்தோர் நோயில்லாதபோதே அதனை அளந்து பார்த்துக்கொள்ளுதல் நலம். வாரத்திற்கு 150 நிமிஷம் விரைந்து நடத்தல் வேண்டும். கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளும் இதற்குப் போதும். எல்லாவற்றினும் கொடியது புகையிலை. பீடியாயினும், வெற்றிலையோடு மெல்லும் சருகாயினும் அது குழாய்களின் உட்சுவரைப் புண்படுத்துவதே. டாக்டர் கிரீன் வாழ்ந்த யாழ்ப்பாணம் அக்காலத்தில் திருவாங்கூருக்குக் கப்பல் கப்பலாகப் புகையிலை அனுப்பிய நாடு. மருந்தும் நஞ்சும் ஒரே மண்ணில் விளைந்தன போலும்.

கிரீன் 1873-ல் யாழ்ப்பாணத்தை விட்டுத் தாய்நாடு சேர்ந்தார். ஓய்ந்திருக்கலாம், ஓயவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் நூல்களைத் திருத்திவந்தார். கெமிஸ்தம் 1875-ல் அச்சாயிற்று. உடற்றொழிலைக் கூறும் மனுஷ சுகரணம் 1883-ல் வெளிவந்தது. தமிழ் ஒலி காதில் விழாத பனிநாட்டில், தமிழ் எழுத்தை வரி வரியாகப் பார்த்துத் திருத்திக்கொண்டிருந்த அக்கிழவரை நினைக்குந்தோறும் எமக்கு மனங் கசிகின்றது. அவரிடம் பயின்று வைத்தியரானோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர். அவருட் பாதிக்கு மேற்பட்டோர் தமிழிலேயே பயின்றவர். அவருக்குப்பின் அவ்வழி தூர்ந்துபோயிற்று. ஆங்கிலமே வைத்தியக் கல்வியின் பாஷையாக நிலைத்தது. அவர் நூல்கள் பழம்புத்தகச் சாலைகளில் அடங்கின.

எம் வீதிப் பையன் கருமாதி கழிந்தபின் ஒருநாள் எம்மிடம் வந்தான். இச்சரித்திரத்தைக் கூறி, ஒரு தாளில் இருதயத்தின் படத்தை வரைந்து, அறைகளுக்கும் கதவுகளுக்கும் தமிழிற் பெயரெழுதச் சொன்னோம். நெடுநேரம் தடுமாறி எழுதினான். தெரியாத இடங்களைத் தன் பாட்டியாரிடம் கேட்டு, வயலிலும் வாய்க்காலிலும் வழங்கும் சொற்களால் நிரப்பினான். அத்தாள் இப்பொழுது அவர்கள் வீட்டு நிலைப்படிக்கு அருகே, 108 என்ற எண்ணோடு ஒட்டப்பட்டிருக்கிறது.

டாக்டர் கிரீன் 1884-ம் ஆண்டு மே மாதம் 28-ம் தேதி, தாம் பிறந்த ஊரிலேயே அறுபத்தோராம் வயதிற் காலமானார். மானிப்பாயில் அவர் தொடங்கிய ஆஸ்பத்திரி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. வூஸ்டரில் உள்ள அவர் கல்லறையிலோ, அவர் தமிழர்க்கு உழைத்தவர் என்னுங் குறிப்புப் பொறிக்கப்பட்டுள்ளது.